மடியில் விழுந்த இரும்பு

ஜூலை 21, திங்கள்

விடியும்போதே புகைமூட்டம். செம்பனை வரிசைகள் பாதிக்கு மேல் கரைந்துபோய்த் தண்டு மட்டும் நிற்கிறது. வேன் கண்ணாடியைத் துடைத்தேன், மறுபடி துடைத்தேன். அழுக்கு கண்ணாடியில் இல்லை, வானத்தில்.

முதலில் தோட்டத்து மேல் டிவிஷன் பள்ளிப் பிள்ளைகள். பிறகு பாலம் தாண்டிக் கீழ் டிவிஷன். பாலத்து மேட்டில் வேன் தூக்கிப் போட்டது. பின் சீட்டுக்கு அடியில் ‘டொக்’. போன வாரத்திலிருந்து இந்தச் சத்தம். பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது. மேடு வருவதற்கு முன்பே காலைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள். டொக் கேட்டதும் ஒரே கூச்சல். ஜாக்கி கழன்றிருக்கும். சர்வினிடம் சொல்ல வேண்டும். என் மகன், லுக்குட் டவுனில் மோட்டார் பட்டறையில் வேலை என்றுதான் பேர். அம்மா வேனுக்கு ஒரு திருகாணி முடுக்க ஆள் இல்லை.

மேல் டிவிஷன் அம்மா ஒருத்தி வாசலில் நிறுத்திச் சொன்னாள்: “கீழ ஆளுங்க புள்ளைங்களோட எம்புள்ள ஒண்ணா ஒக்கார வேணாம் கலாக்கா. தனித்தனியா ட்ரிப் அடிங்களேன் லா.”

“இருக்கிறது ஒரு வேன் தாயீ. நடுவுல வேலி வேணா கட்டவா?”

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

எல்லாம் பந்துத் திடல் சண்டைக்குப் பிறகுதான். கீழ் டிவிஷன் லோகன் பாராங்கத்தியை வீசினான். மேல் டிவிஷன் மணியத்துக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அதற்கு முன்னால் யாரோ லோகனின் மோட்டார் சைக்கிளை எரித்தார்கள். அதற்கும் முன்னால் என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. லோகனைப் போலீஸ் பிடித்து ஜாமீனில் விட்டிருக்கிறது. மணியம் என் மகனுக்கு உயிர்ச் சிநேகிதன். அன்றிலிருந்து சர்வின் வீட்டில் சாப்பிடுகிறான், தூங்குகிறான். பேச்சு மட்டும் இல்லை.

வாங்க: கேப்பை மாவு, சின்ன வெங்காயம், மோர் மிளகாய், பாத்திரம் தேய்க்கிற நார். ஞாயிறு ஆடிக் கூழ்.


ஜூலை 22, செவ்வாய்

புகை குறையவில்லை. பள்ளியில் பிள்ளைகளை வெளியே விளையாட விடவில்லையாம்.

மதியம் பள்ளி விடும்வரை மரத்தடியில் வேனுக்குள் தூக்கம். எனக்குக் கனவெல்லாம் இந்தத் தூக்கத்தில்தான். ராத்திரியில் நான் கட்டை. இன்று: வேன் செம்பனைக் காட்டுக்குள் தண்ணீரில் மிதந்து போகிறது. ஸ்டியரிங் திரும்பவில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்குகிறார்கள். பின் சீட்டுக்கு அடியில் ஒரு கோழி அடைகாக்கிறது. அதன் சூடு என் முதுகு வரைக்கும் வருகிறது. முட்டையிலிருந்து என்ன வரும் என்று யோசிக்கும்போதே பள்ளி மணி.

எழுந்தபோது வாயில் கரி ருசி.

சாயங்காலம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். லயத்துக்குப் பின்னால் பையன்கள் குரல். போர்வைக்கு அந்தப் பக்கம் நான் இருப்பது தெரியாது. சர்வின் பேசவில்லை. ஆனால் அவன் செருப்பு தெரிந்தது.

“ரோட்டுல போலீஸ் நிக்கிறானுங்க லா. எப்படி எடுத்துட்டுப் போறது?”

“அது இருக்கிற எடத்துல இருக்கு. எவனும் தேட மாட்டான்.”

“ஞாயித்துக்கெழமதான் சரி. லோகன் கூழ் தூக்கிட்டு பாலத்துகிட்ட வருவான்ல. கூட்டத்துல எவன் கைன்னு எவனுக்குத் தெரியும்?”

செருப்பு நகரவில்லை. ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

என் கையில் இருந்த ஈரச்சட்டை அவனுடையதுதான். உதறினேன். காயப்போட்டேன். கிளிப் போட்டேன்.

வீட்டுக்காரர் கெமாஸ் பக்கம் லோரி ஓட்டப் போயிருக்கிறார். போனில், “வீட்டுல எல்லாம் ஓக்கேதான?” “ஓக்கே.” சொன்னால் பெல்ட்டைக் கழற்றுவார். பையன் அன்றைக்கே வீட்டை விட்டு அந்தக் கூட்டத்தோடு போய்விடுவான். சொல்லப்போவதில்லை.


ஜூலை 23, புதன்

காலையில் எழுத ஒன்றுமில்லை. மதியம் இது.

எல்லாப் பிள்ளைகளும் இறங்கியாயிற்று, துளசியைத் தவிர. கீழ் டிவிஷன் பார்வதியக்காவின் கடைசிப் பெண். இரண்டாம் வகுப்பு, முன்பல் இரண்டும் இல்லை. எப்போதும் பின் சீட்டுதான் வேண்டும் அவளுக்கு. வீட்டு வாசல் வந்தும் இறங்காமல் சீட்டுக்கு அடியில் குனிந்து கிடந்தாள்.

“ஆன்ட்டி, என் அழிரப்பர் உள்ள போயிருச்சு. இங்க யாரோ ஜெர்சி சுருட்டி வச்சிருக்காங்க. கெட்டியா இருக்கு.”

“கைய எடு!”

அப்படி ஒரு குரல் எனக்குள் இருப்பது எனக்கே தெரியாது. பிள்ளை அழுதுவிட்டாள். கடலை மிட்டாய் கொடுத்து இறக்கிவிட்டேன்.

பாலத்தடியில் வேனை நிறுத்திப் பார்த்தேன். சிவப்பு ஜெர்சி, சர்வினுடையது. மேலே பட்டறை டியூபை வெட்டின ரப்பர்ப் பட்டை. பிரிக்கவில்லை. தொட்டதுமே தெரிந்தது. நீளம், கனம், ஒரு ஓரம் மட்டும் மெல்லிசு.

ஜாக்கி இல்லை.

பள்ளி வேனை எந்தப் போலீஸும் நிறுத்திச் சீட்டைத் தூக்கிப் பார்க்காது. புத்திசாலி மகன். இத்தனை நாளும் அதன்மேல் உட்கார்ந்து வந்தவள் துளசி. லோகனின் தங்கை. அவள் அண்ணனுக்காக வைத்த கத்தியின் மேல் உட்கார்ந்து, காலைத் தூக்கித் தூக்கிச் சிரித்துக்கொண்டு.

பெற்ற பிள்ளைமேல் எத்தனையோ முறை கோபப்பட்டிருக்கிறேன். அதெல்லாம் சூடு. இது குளிர்.

போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகலாம். பிறகு சர்வின் உள்ளே. ஆற்றில் வீசலாம். லுக்குட்டில் பாராங் விற்காத இரும்புக் கடை உண்டா? நாளைக்கே ஒன்று வாங்குவான், எனக்குத் தெரியாத இடத்தில் வைப்பான். இது எங்கே இருக்கிறது என்றாவது இப்போது தெரியும். எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

பின் சீட்டு ஸ்பிரிங் உடைந்துவிட்டது என்று பிள்ளைகளிடம் பொய் சொல்ல வேண்டும். எல்லாரும் முன்னால் நெருக்கி உட்காரட்டும்.

சோற்றைப் போட்டு அவன் முகத்தையே பார்த்தேன். “என்னம்மா?” என்றான். “ஒண்ணுமில்ல, மீசை எடுத்துட்டியா?” என்றேன். எடுத்து ஒரு மாதம் ஆகிறதாம்.


ஜூலை 24, வியாழன்

புகை. காலை வெயில் ஆரஞ்சுப் பழம் மாதிரி, பார்த்தால் கண் கூசவில்லை. மேட்டில் டொக். பிள்ளைகள் கூச்சல். எனக்கு மட்டும் மார்பில் விழுந்தது.

பிள்ளைகளை விட்டுவிட்டு நேராக நாற்றங்காலுக்கு. பார்வதியக்கா செம்பனை நாற்றுக்குக் கறுப்புப் பையில் மண் அடைத்துக்கொண்டிருந்தாள். புகைக்குள் பைகள் வரிசை வரிசையாக, முடிவே தெரியாமல். அவள் மட்டும் நடுவில் குத்துக்காலிட்டு. கனவுக்குள் போய் ஆளைத் தேடுவது போல இருந்தது.

என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அவளைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. “அக்கா, உங்க லோகனுக்கு வச்ச கத்தி எங்க வேன்ல இருக்கு” என்றேன். அப்படியே போட்டு உடைத்துவிட்டேன்.

மண் அள்ளின கை நின்றது. கத்துவாள் என்று நினைத்தேன். அந்தப் பையை முழுக்க நிரப்பி, தட்டி, வரிசையில் வைத்தாள்.

“எங்கூட்லயும் ஒண்ணு இருக்கு கலா. அரிசி டின்னுக்குப் பின்னால. நாந்தான் தெனம் அதப் பாத்துக்கிட்டே ஒல வைக்கிறேன்.”

யாரோ தூரத்தில் குலை வெட்டும் சத்தம். மட்டை விழுகிற சத்தம்.

அவள்தான் தொடங்கினாள். லோகன் வழக்குக்காக மாரியம்மனுக்கு மடிப்பிச்சை வேண்டியிருக்கிறாளாம். நாளைக்கு ஆடி வெள்ளி, எடுக்க வேண்டும். மடி ஏந்தி வருகிறவளை எந்த வீடும் வெறும் மடியோடு அனுப்பக் கூடாது. ஏன் என்றும் கேட்கக் கூடாது. மடியில் விழுந்ததைப் போட்டவன் திரும்ப எடுக்க முடியாது, அது அம்மன் பொருள்.

“அரிசிதானக்கா போடுவாங்க.”

“கேட்டா இரும்பும் போடுவாங்க. முனியாண்டி கேக்குறாருன்னு சொல்லு. பாலத்தடி முனியாண்டிகிட்ட நட்டுட்டா எவன் புடுங்குவான்?”

“முனியாண்டி எப்பக்கா கேட்டாரு?”

“கேக்கலன்னா அவரே வந்து சொல்லட்டும்.”

மதியம் வேன் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டேன், இரண்டு டிவிஷன் அம்மாமாருக்கும்: நாளைக்குக் காலையில் மடிப்பிச்சை. அரிசியோடு இரும்பும் போடுங்கள். வெட்டுகிற இரும்பு. முனியாண்டி கேட்கிறார். கும்பிடு பொம்மைகள் வந்தன. ஒருத்தி: “ஓட்ட அண்டா குடுத்தா ஆவுமா?” இன்னொருத்தி: “அண்டா வெட்டுமா லா?”

மணியத்தின் அம்மா செல்வியும் அந்தக் குரூப்பில்தான். கேட்டுவிட்டாள் என்று நீலக் குறி காட்டியது.


ஜூலை 25, ஆடி வெள்ளி

கால் எரிகிறது. தார் ரோட்டில் வெறுங்காலோடு. பரவாயில்லை, எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வந்ததும் தொடங்கினோம். மஞ்சள் சேலை இரண்டு பேருக்கும். மடிக்குள் கோணிச் சாக்கு வைத்துக் கட்டினோம், கத்தி வயிற்றைக் கிழித்துவிடக் கூடாதே. பின்னால் பெண்கள் ஏழெட்டுப் பேர், குலை அள்ளுகிற தள்ளுவண்டியோடு. மடியில் விழுந்ததை வண்டியில் மாற்றிக்கொண்டே போக வேண்டும். பேசிவைத்தது: கீழ் டிவிஷனில் நான் ஏந்துவது, மேல் டிவிஷனில் பார்வதியக்கா ஏந்துவது. ஏந்துகிறவள் தன் வீட்டு வாசலில் தானே ஏந்த வேண்டும்; அங்கேயும் அவள் பிச்சைக்காரிதான்.

கீழ் டிவிஷனில் முதல் வீட்டில் கதவு பாதிதான் திறந்தது. “மேல் டிவிஷன்காரியா?” என்று ஓர் ஆண் குரல். உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி: “மடி ஏந்துறவளுக்கு ஏதுய்யா டிவிஷன்?” ஒரு துருப்பிடித்த வெட்டுக்கத்தி விழுந்தது. அப்புறம் வீடு வீடாக அரிசி, தேங்காய் சீவுகிற கத்தி, புல் அரிவாள், மீன் கத்தி, குலை அறுக்கிற கொக்கியரிவாள் ஒன்றல்ல பல. கனம் ஏற ஏறப் பின்னால் வந்தவள் ஒருத்தி, “மடியில கனமிருந்தா வழியில பயம்ன்னு சொல்லுவாங்க, இங்க வழியில பயம்ன்னு மடியில கனம்” என்றாள். சிரித்ததில் அரிசி சிந்திவிட்டது.

பார்வதியக்கா வீடு. அவளே ஏந்தி நின்றாள். லோகன் வந்தான். நான் நினைத்துவைத்திருந்த ரவுடி இவன் இல்லை. தூக்கமில்லாத கண், நகமெல்லாம் கடித்துத் தின்ற விரல். பயந்த பையன். அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்ததை இரண்டு கையாலும் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தான். போடவில்லை, வைத்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இனி ஞாயிற்றுக்கிழமை லோகன் வெறுங்கையோடு வருவான். என் பேச்சை நம்பிக் கொடுத்துவிட்டான். என் மகன்?

மேல் டிவிஷன். செல்வி வீட்டுக்கு முன்னால் எல்லாருக்கும் கால் தயங்கியது. வெட்டினவனின் அம்மா, வெட்டுப்பட்டவனின் வாசலில். “அம்மா தாயே, மடிப்பிச்சை” என்று பார்வதியக்கா கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள்.

செல்வி ஒரு பிடி அரிசியோடு வந்தாள். மடிக்கு மேலே கையை நீட்டிவிட்டுத் திறக்கவில்லை. மூடிய கை அப்படியே நிற்கிறது. புகைக்குள் எங்கேயோ சேவல் கூவியது, நேரம் தெரியாமல்.

“எம்புள்ள இனி அந்தக் கையால சோறு பெசைய முடியாது. ஸ்பூன்ல திங்கிறான். ஒம் மூஞ்சியப் பாக்க எனக்குப் புடிக்கல. இது ஒனக்கில்ல. அம்மனுக்கு.”

கை திறந்தது. பார்வதியக்கா தலை நிமிரவே இல்லை. முடிந்தது என்று நகரப் போனோம். “நில்லு” என்றாள் செல்வி. உள்ளே போய் ஒரு புதுப் பாராங்கத்தியோடு வந்தாள், கடை எண்ணெய் கூடத் துடைக்காதது.

“பையனுங்க கொண்டாந்து கட்டிலுக்கடியில வச்சானுங்க, ஒம் மவனுக்குன்னு. நானும் தெரியாத மாதிரி இருந்தேன். வச்சுக்கட்டும்னு இருந்தேன். இத மேல இருந்து போட்டா ஒன்ன வெட்டிப்புடும். புடி.”

கைப்பிடியைப் பார்வதியக்கா பக்கம் திருப்பிக் கொடுத்தாள். எங்களில் யாரும் அழாமல் இல்லை. செல்வி மட்டும் அழவில்லை.

கடைசியாக என் வீடு. என் வாசலில் நான் ஏந்தி நின்றேன். “ஐயா, மடிப்பிச்சை போடுங்கய்யா.” சர்வின் வெளியே வந்து என் காலைப் பார்த்தான். தார், புழுதி, கொஞ்சம் ரத்தம். முகம் கறுத்துவிட்டது.

“என்னம்மா இது, அசிங்கமா. உள்ள வா.”

“ஐயா, பிச்சை போடுங்கய்யா.”

உள்ளே போய் அரிசி கொண்டுவந்தான். போட்டான். நான் நகரவில்லை. குறிப்பிட்டு இன்னது கொடு என்று ஒரு வீட்டில் கேட்கக் கூடாது, அதுதான் கட்டு. கேட்டால் அது பிச்சை இல்லை, வழிப்பறி. அதனால் நின்றேன், அவ்வளவுதான். அவன் கண் என்னைத் தாண்டி வாசலில் நிற்கிற வேனுக்குப் போனது. போய், திரும்பி வந்தது. எனக்குத் தெரியும் என்று அவனுக்கு அப்போது தெரிந்ததா? தெரியவில்லை.

“வூட்ல ஒண்ணும் இல்லம்மா” என்றான்.

அது உண்மைதான். வீட்டில் இல்லை.

நடந்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் எல்லாவற்றையும் முனியாண்டி கல்லைச் சுற்றிக் கைப்பிடி மண்ணில் புதைய நட்டோம். நுனியில் எலுமிச்சம்பழம் குத்தி, சுருட்டு பற்றவைத்து. பழம் போதவில்லை. மண்ணில் முளைத்த இரும்பு. யாரோ விதைத்த மாதிரி.


ஜூலை 26, சனி

காலையில் கூத்து. சிரித்துச் சிரித்து வயிறு வலி.

சனிக்கிழமையும் குலை வெட்டு உண்டு. வெட்டப் போனவர்கள் கையில் கொக்கியரிவாள் இல்லை. எல்லாம் முனியாண்டியிடம்! எந்த வீட்டிலும் பெண்களை வெறும் மடியோடு அனுப்ப மனம் வராமல், வேலை அரிவாளையே போட்டுவிட்டார்கள். குலை வெட்டுகிற வங்காளதேசப் பையன்கள் வரிசையாக மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்து சிகரெட். வேலை வாங்குகிற மண்டோர் ஆறுமுகம் பாலத்தடியில் வந்து தலையில் கைவைத்தார்.

“யம்மா, மூணே மூணு மட்டும் எடுத்துக்கிறேன். மானேஜருக்கு நான் என்னா சொல்றது?”

“எடுத்துக்கங்க மண்டோரே” என்றாள் பார்வதியக்கா. “நாங்க ஒண்ணும் சொல்லல. அவருகிட்ட மட்டும் ஒரு வார்த்த கேட்டுக்கங்க.”

மண்டோர் முனியாண்டியைப் பார்த்தார். முனியாண்டி மண்டோரைப் பார்த்தார். மண்டோர் செருப்பைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டுவிட்டு லுக்குட்டுக்குப் புது அரிவாள் வாங்கப் போய்விட்டார்.

நிஜக் கத்திகள் எத்தனை வந்தன? லோகனுடையது, செல்வி கொடுத்தது, இன்னும் சில. மீதி எல்லாம் மீன் கத்தியும் புல் அரிவாளும்தான். எனக்குத் தெரியும், எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஊர் முழுக்க வெறுங்கையாகி என் வீடு மட்டும் ஆயுதத்தோடு இருப்பது போல ஓர் எண்ணம். பெருமையாகச் செய்துவிட்டு உள்ளுக்குள் இப்படி.

மதியம் சேலை கட்டியபடியே நாற்காலியில் கண் அசந்துவிட்டேன். கனவு: கோழி சீட்டுக்கு அடியிலிருந்து எழுந்து போய்விட்டது. முட்டை மட்டும். தொட்டால் இன்னும் சூடு. யாரிடம் கொடுப்பது என்று வேனுக்குள் தேடுகிறேன். எல்லாச் சீட்டும் காலி.

சர்வின் சோறு வாங்கித் தின்றுகொண்டே, தட்டைப் பார்த்தபடி: “செல்வி ஆன்ட்டி நெசமாவே போட்டாங்களா?”

“போட்டாங்க.”

“மணியம் வீட்ல இருந்தானா?”

“சன்னல்ல நின்னான். பாத்துக்கிட்டுத்தான் இருந்தான்.”

“ஒண்ணும் சொல்லலயா?”

“இல்ல.”

அவன் சோற்றைப் பிசைந்தான். தின்னவில்லை. பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டான். அந்தப் பிசைந்த சோற்றை எடுத்துக் கொட்ட எனக்கு மனமே இல்லை. நான் தின்றேன்.


ஜூலை 27, ஞாயிறு

எழுந்ததும் வேன். பின் சீட்டுக்கு அடியில் கைவிட்டேன்.

இல்லை.

துளசியின் அழிரப்பர் மட்டும் கிடந்தது. யானை வடிவத்தில், தும்பிக்கை தேய்ந்து. சர்வின் படுக்கை காலி. மோட்டார் இல்லை. போன் அடைத்திருக்கிறது. மணியத்தின் வீட்டில் கேட்டால் அங்கேயும் வரவில்லை.

கூழ் கிண்டினேன். கை அதுபாட்டுக்குக் கிண்டியது. அடிபிடிக்கவில்லை, எப்படி என்று தெரியாது.

வழக்கம்: மேல் டிவிஷன் கூழும் கீழ் டிவிஷன் கூழும் பாலத்தடிக் கோயில் அண்டாவில் ஒன்றாகக் கொட்டிக் கலந்த பிறகுதான் யாருக்கும் ஊற்றுவது. ஒரு பக்கம் வராவிட்டால் அன்றைக்குக் கூழ் இல்லை. அதனால்தான் பையன்கள் பாலத்தைத் தேர்ந்தெடுத்தது; லோகன் வந்தே ஆக வேண்டும்.

பெண்கள் நேற்றே பேசிவைத்திருந்தோம். ஆண்கள் தூக்கும் குடத்தை இந்த முறை பெண்கள் தூக்கினோம். கீழே இருந்து அவர்கள், மேலே இருந்து நாங்கள். பையன்கள் நடுவில், பெண்கள் சுற்றி. புகை சற்று உயர்ந்திருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் வேப்பிலையும் மஞ்சளும் முதலில் தெரிந்தது, பிறகு குடம், பிறகு முகங்கள். தண்ணீருக்கு அடியிலிருந்து எழுந்து வருவது போல. பறை மெதுவாகக் கேட்டது. ஒரு நிமிஷம் பயம்கூட மறந்தது எனக்கு.

அப்புறம் லோகன் தெரிந்தான். பார்வதியக்காவுக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு. யார் வேண்டுமானாலும் தொடக்கூடிய தூரத்தில். பயம் திரும்பி வந்துவிட்டது.

நான் கூட்டத்தில் சர்வினைத் தேடினேன். மேல் டிவிஷன் பையன்கள் எங்கள் நடுவிலிருந்து விலகி ரோட்டோரமாக நின்றார்கள். மணியம் கட்டுப்போட்ட கையோடு அவர்களுக்கு நடுவில். அவர்களும் யாரையோ தேடுகிறார்கள் என்று புரிந்தது. சர்வினைத்தான். பொருள் அவனிடம் அல்லவா.

கூழ் கலந்தாயிற்று. பார்வதியக்கா கரண்டி பிடித்தாள். நான் வெங்காயமும் மிளகாயும் வைத்தேன். தட்டில் விழுகிறதா தரையில் விழுகிறதா என்று பார்க்கவில்லை. வரிசை வந்துகொண்டே இருந்தது. சொம்பு, தூக்கு, பிளாஸ்டிக் கோப்பை.

ஒரு எவர்சில்வர் டம்ளர் நீண்டது. எங்கள் வீட்டு டம்ளர். விளிம்பு நசுங்கினது.

சர்வின். நெற்றியில் விபூதி. இரண்டு முழங்காலிலும் ஈர மண். நகத்துக்குள் மண். பட்டறைக் கரி இல்லை, மண்.

பார்வதியக்கா அவன் முழங்காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் ஊற்றினாள், வழிய வழிய. அவன் இரண்டு கையாலும் வாங்கினான். “போதும் அத்த” என்றான். அவளை அவன் அத்தை என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

அந்தக் கூழை அவன் குடிக்கவில்லை. ரோட்டைத் தாண்டிப் போனான். மணியத்தின் இடது கையில் கொடுத்தான். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. மணியம் டம்ளரைத் தட்டிவிட்டான். கூழ் ரோட்டில். சர்வின் குனிந்து டம்ளரை எடுத்துக்கொண்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றான். மறுபடி வாங்கினான். மறுபடி கொண்டுபோனான். இந்த முறை மணியம் வாங்கினான். குடித்ததைப் பார்க்கவில்லை, என் கண் நிறைந்துவிட்டது, மிளகாய்க் காரம் என்று சொன்னேன்.

கூட்டம் கலைந்த பிறகு முனியாண்டியிடம் போனேன். நாங்கள் நட்டவை எல்லாம் நேராக நிற்க, ஒன்று மட்டும் கோணலாக, அவசரமாக, ரொம்ப ஆழமாக. கைப்பிடி புதைந்த இடத்தில் சிவப்பு ஜெர்சித் துணி. நுனியில் எலுமிச்சம்பழம் இல்லை. கடை திறக்கும் முன்பே வந்திருப்பான்.

வீட்டிலிருந்து ஒரு பழம் கொண்டுவந்து குத்தினேன்.

செல்வி கூழுக்கு வந்தாள். பார்வதியக்காவிடம் பேசவில்லை, அவள் கரண்டியிலும் வாங்கவில்லை, என்னிடம் வாங்கினாள். வழக்கு அடுத்த மாதம். விரல் முளைக்காது. இதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது.


ஜூலை 28, திங்கள்

கொஞ்சம் மழை தூறிற்று; காலையில் பாலத்து மேட்டை ஊர்ந்தே ஏறினேன். செம்பனைகளுக்குத் தலை திரும்ப வந்துவிட்டது.

பின் சீட்டு ஸ்பிரிங் சரியாகிவிட்டது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். மதியம் துளசி முதல் ஆளாகப் பின்னால் ஓடினாள். யானை ரப்பரைக் கொடுத்தேன். “எங்க இருந்துச்சு ஆன்ட்டி?” “அங்கதான்.” “ஜெர்சி?” “அது போயிருச்சு.” மேல் டிவிஷன் பிள்ளைகள் இரண்டு அவள் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தன. அவர்கள் அம்மாமார் பார்த்தார்களா, பார்க்காத மாதிரி இருந்தார்களா, தெரியாது.

பாலம் வந்தது. எல்லாரும் காலைத் தூக்கினார்கள். மேட்டில் வேன் தூக்கிப் போட்டது.

சத்தம் இல்லை.

தூக்கின கால்கள் அப்படியே அந்தரத்தில். கண்ணாடியில் எல்லா முகமும் தெரிந்தது. ஏதோ ஏமாந்தது போல, என்னவென்று தெரியாமல். பிறகு துளசி, அந்தப் பல் இல்லாத வாயால், சத்தமாக:

“டொக்!”

வேன் முழுக்க, “டொக்! டொக்!”

இன்னும் பெருசா கத்துங்கடா என்றேன்.